பில் பணம் வேறு, கைச்செலவுப் பணம் வேறு: சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சில கொலுசுப் பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பற்ற வைப்பவர், மெருகு போடுபவர், குண்டு கோர்க்கும் பெண்கள் என்று பெரும்பாலும் வாரக் கூலிக்காரர்கள்தான். சனிக்கிழமை கூலி வாங்கும்போது போதும் போலத்தான் தெரிகிறது, ஆனால் பத்தாம் தேதி வண்டித் தவணைக்கு மட்டும் எப்படிப் பணம் இல்லாமல் போகிறது என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதை ஒட்டி வருகிற கேள்விகளுக்கு வழக்கமாக நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காகப் போட்டவை. உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு கவனமாகச் செலவு செய்தால் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதாது. கவனக் குறைவோ ஊதாரித்தனமோ இதற்குக் காரணம் இல்லை. ஜிபேயில் பேலன்ஸ் பார்க்கிறீர்கள், ரூ. 14,000 என்று காட்டுகிறது. அதில் ரூ. 7,500 வீட்டுக்காரருக்குப் போக வேண்டியது, ரூ. 3,100 வண்டித் தவணை. உங்களுடையது ரூ. 3,400 மட்டும்தான். ஆனால் தட்டுவடை செட் கடையில் நின்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது யாரும் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுவதில்லை. பதினாலாயிரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பிள்ளைக்கு இன்னொரு செட், அப்படியே ஒரு ஜூஸ், போகிற வழியில் பூ.

நம் பாட்டிமார்கள் வாடகைப் பணத்தை அரிசிப் பானையிலும், காய்கறிக் காசைக் கடுகு டப்பாவிலும் வைத்தார்கள். டப்பா காலியாவது கண்ணுக்குத் தெரிந்தது. போனில் பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு எல்லா டப்பாவும் ஒன்றாகிவிட்டது. அதைத் திரும்பவும் பிரிக்கத்தான் சொல்கிறேன். போனில் எந்தக் கணக்கின் பேலன்ஸைப் பார்க்கிறீர்களோ, அந்தப் பணம் முழுவதையும் பயமில்லாமல் செலவழிக்கலாம் என்ற நிலை வந்துவிட்டால், கடை வாசலில் நின்று மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

எது பில், எது கைச்செலவு?

தொகையும் தேதியும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தது எல்லாம் பில். வாடகை, தவணை, கரண்ட், சிலிண்டர், ரீசார்ஜ், பள்ளிக் கட்டணம், குழுக் கடன், சீட்டு, இன்சூரன்ஸ். மாதம் முழுவதும் ஊற்றிவிட்டுக் கடைசியில் பணம் வாங்கும் பால்காரர் கணக்கும் பில்தான். லீ பஜாரில் சிப்பமாக வாங்கும் அரிசியும் அப்படியே.

உழவர் சந்தைக் காய்கறி, பெட்ரோல், ஞாயிற்றுக்கிழமைக் கறி, டீ, பூ, பஸ், பிள்ளைகளின் தின்பண்டம், முடிவெட்டு, சில்லறை மளிகை இவையெல்லாம் கைச்செலவு. இன்றைக்கு எவ்வளவு வாங்குவது என்று கடையில் நின்று நீங்கள் முடிவு செய்கிற பொருள்கள் இவை.

இரண்டுக்கும் நடுவில் மருந்து வரும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை பில். திடீர்க் காய்ச்சலுக்கும் பில் கணக்கில் கொஞ்சம் பணம் சேர்ந்து நிற்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கணக்கை எப்படிப் போடுவது? ஒரு வீட்டை வைத்துச் சொல்லுங்கள் அக்கா.

கணவருக்குப் பட்டறையில் வாரக் கூலி ரூ. 5,500. மனைவிக்குத் துணிக்கடையில் மாதச் சம்பளம் ரூ. 9,000. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. நான்கு வாரத்துக்கு வரவு ரூ. 22,000, மனைவியின் சம்பளத்தோடு ரூ. 31,000.

இப்போது பில். வாடகை 7,500. வண்டித் தவணை 3,100. குழுக் கடன் 2,200. சீட்டு 2,000. பால் 1,300. சிலிண்டர் மாதத்துக்குப் பிரித்தால் 650. இரண்டு போனுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ரீசார்ஜ் மாதத்துக்கு 600. இதுவரை யாரும் மறப்பதில்லை.

மறந்துபோவது இனிமேல் வருவதுதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 1,400 என்றால் மாதம் 700. பள்ளிக்கும் வேனுக்கும் ஆண்டுக்கு 24,000 என்றால் மாதம் 2,000. வண்டி இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 1,800 என்றால் மாதம் 150. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கும் தீபாவளிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 12,000 என்றால் மாதம் 1,000. ஆடியில் சொந்தக்காரர்கள் வருவார்கள், பொங்கல் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். வருஷா வருஷம் அதே மாதத்தில் வருகிறது, இருந்தாலும் வருஷா வருஷம் கடன் வாங்கித்தான் கொண்டாடுகிறோம்.

எல்லாவற்றையும் கூட்டினால் ரூ. 21,200. வரவில் கழித்தால் மீதி ரூ. 9,800. நான்கால் வகுத்தால் வாரம் ரூ. 2,450. இந்த வீட்டின் கைச்செலவு அவ்வளவுதான்.

நடைமுறை சுலபம். மனைவியின் சம்பளம் 9,000 முழுவதும் பில் கணக்குக்கு. கணவர் சனிக்கிழமை வாங்கும் 5,500-இல் 3,050 அன்றைக்கே பில் கணக்குக்கு. நான்கு வாரத்துக்கு 12,200 ஆகும். 9,000-ஐயும் சேர்த்தால் சரியாக 21,200. மீதி 2,450 அடுத்த சனிக்கிழமை வரை வீட்டுக்கு.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாரம் முழுவதும் செலவு செய்துவிட்டு, மிஞ்சினால் பில்லுக்கு எடுத்து வைக்கிறார்கள். மிஞ்சாது. பில் பணம் சனிக்கிழமை ராத்திரியே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போன பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சில மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வருகிறதே?

ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் 48 வாரம்தான். மீதி நான்கு வாரக் கூலி தனியாக நிற்கிறது. வாரக் கூலிக்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதி இது, ஆனால் கவனிப்பவர்கள் குறைவு. ஐந்தாவது சனிக்கிழமையும் வீட்டுக்கு 2,450 வேண்டும், அந்த வாரமும் சாப்பிட வேண்டுமே. ஆனால் அந்த மாதத்துப் பில் நான்கு வாரக் கூலியிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அந்த 3,050 எந்தப் பில்லுக்கும் சொந்தம் இல்லை.

அப்படியே பில் கணக்கில் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ரூ. 12,200 சேரும். திடீர்க் காய்ச்சல், வண்டி டயர், வேலை குறைந்த வாரம் எல்லாவற்றுக்கும் இதுதான் மெத்தை. வெள்ளி விலை தாறுமாறாக ஏறி ஆர்டர் குறைந்தால் பட்டறையில் வேலை மூன்று நாளாகச் சுருங்கும். அந்த வாரத்துக்கென்று ஒரு பணம் வேண்டும்.

புதுக் கணக்கு தொடங்கினால் அதைப் பில்லுக்கு வைப்பதா, கைச்செலவுக்கு வைப்பதா?

கைச்செலவுக்கு. நிறையப் பேர் புதுக் கணக்கைப் பில்லுக்கு வைத்துச் சிக்கிக்கொள்கிறார்கள். வண்டித் தவணையும் இன்சூரன்ஸும் ஏற்கெனவே உங்கள் பழைய கணக்கில் இருந்துதான் தானாக எடுக்கப்படுகின்றன. அதை வேறு கணக்குக்கு மாற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் படிவம் கொடுக்க வேண்டும். மாறுவதற்குள் ஒரு தவணை தப்பிவிடும். பழைய கணக்கை இருந்தபடியே பில் கணக்காக விட்டுவிடுங்கள். புதுக் கணக்கைத் தொடங்கி, ஜிபே, போன்பே எல்லாவற்றையும் அதில் மட்டும் இணையுங்கள். பழைய கணக்கை அந்த ஆப்களில் இருந்து நீக்கிவிடுங்கள்.

வாடகை மாதிரி நீங்களே அனுப்ப வேண்டியதை வங்கியின் சொந்த ஆப்பில் போய் அனுப்பலாம். இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிஷச் சிரமம் இருந்தால்தான் டீக்கடையில் அந்தக் கணக்கில் கை வைக்கத் தோன்றாது. பில் கணக்கின் ஏடிஎம் கார்டை பர்ஸில் வைக்காமல் பீரோவில் வையுங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. யாராவது ஏமாற்றி உங்கள் போனில் இருந்து பணத்தைப் பிடுங்கினாலும் அந்த வாரச் செலவுப் பணத்தோடு போகும், வாடகை தப்பும். அப்படி எதுவும் நடந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் பிடிப்பார்களே?

வங்கியைப் பொறுத்தது. ஸ்டேட் வங்கி 2020-இல் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கி 2025 ஜூலையில் எடுத்தது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 500 இருப்பு இருந்தால் போதும். தனியார் வங்கி என்றால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஜன்தன் மாதிரி ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்கு ஒரு வங்கியில் இருந்தால், அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது கணக்கை வேறு வங்கியில் தொடங்குங்கள்.

இன்னொரு கணக்கு தொடங்க நேரமில்லை. வேறு வழி?

இரண்டு வழி உண்டு. முதல் வழி ரொக்கம். சனிக்கிழமை 2,450-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போனில் எதுவும் கொடுக்காமல் இருப்பது. வாங்கிய கூலியே ரொக்கம் என்றால் ஏடிஎம் கூடப் போக வேண்டாம். பில் பங்கை மட்டும் வங்கியில் கட்டிவிட்டு மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து வயதானவர்களுக்கும், போனில் செலவு செய்து கை நீண்டுபோன இளம் பிள்ளைகளுக்கும் இதுதான் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது யூபிஐ லைட். உங்கள் ஆப்பிலேயே இருக்கும். கணக்கில் இருந்து ஒரு தொகையை அதற்குள் போட்டு வைக்கலாம், அதிகபட்சம் ரூ. 5,000. ஒரு தடவைக்கு ரூ. 1,000 வரை பின் நம்பர் போடாமலே கொடுக்கலாம். வாரம் 2,450-ஐ அதில் போட்டுவிட்டு அதில் இருந்து மட்டும் செலவு செய்தால் அதுவே கடுகு டப்பா. ஆனால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் தீரத் தீரப் பில் பணத்தில் இருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். பின் நம்பர் இல்லாததால் போனுக்குக் கட்டாயம் பூட்டுப் போடுங்கள்.

வியாழக்கிழமையே பணம் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் இருக்கும். இரண்டு நாள் இருப்பதை வைத்து ஓட்டலாம். ரசமும் அப்பளமும் இரண்டு வேளைக்குப் போதும். பெட்ரோலுக்கு மட்டும் நூறு ரூபாய் தனியாக ஒளித்து வையுங்கள், வேலைக்குப் போக வேண்டும்.

ஒரு வாரம் அப்படி ஆனால் அது அந்த வாரத்தின் கதை. வாராவாரம் ஆனால் தொகைதான் தப்பு. குடும்பத்துக்கு உண்மையில் 2,900 வேண்டும் என்றால் 2,450 என்று எழுதி வைத்துத் தினமும் குற்ற உணர்ச்சியோடு வாழ்வதில் பயன் இல்லை. பில் பக்கம் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். சீட்டுத் தொகையைச் சின்னதாக்கலாம், ரீசார்ஜ் திட்டத்தை மாற்றலாம். கைச்செலவை ஏற்றி எழுதிவிட்டு அதற்குள் நில்லுங்கள்.

பில் கணக்கில் இருந்து "அடுத்த வாரம் போட்டுவிடலாம்" என்று எடுப்பதை மட்டும் பழக்கமாக்காதீர்கள். ஒருமுறை அந்தக் கதவு திறந்தால் இரண்டு கணக்கும் மறுபடி ஒன்றாகிவிடும்.

சனிக்கிழமை பணம் மிஞ்சினால்?

உங்கள் இஷ்டம். செலவழித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். பிள்ளைகளை ஏற்காடு ஏரிக்குக் கூட்டிப்போங்கள். எல்லாவற்றையும் சேமிப்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தால் வீட்டில் இந்தத் திட்டத்தையே எல்லோரும் வெறுத்துவிடுவார்கள்.

தவணை எடுக்கும் தேதிக்கு அன்று காலையில் பணம் போட்டால் போதுமா?

முந்தின நாளே இருக்க வேண்டும். காலையில் நீங்கள் எழுவதற்கு முன்பே எடுக்க முயன்றிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, வங்கி லீவு என்றும் நம்பாதீர்கள். 2021 ஆகஸ்டில் இருந்து எல்லா நாளும் தவணை எடுக்கப்படுகிறது. பணம் இல்லாமல் திரும்பினால் உங்கள் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். செக் திரும்பினால் வழக்கு வருவது போலவே, கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினாலும் வழக்குப் போட 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

முடிந்தால் தவணைத் தேதியைச் சம்பளம் வந்து நான்கைந்து நாளுக்குள் வருமாறு கேட்டு வாங்குங்கள். புதுக் கடன் எடுக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

கரண்ட் பில் ஒவ்வொரு முறையும் மாறுகிறதே, எவ்வளவு ஒதுக்குவது?

கோடைப் பில்லை வைத்து ஒதுக்குங்கள். சேலத்து வெயிலில் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் ராத்திரி பகல் என்று ஃபேன் ஓடும். மழைக்கால பில்லை நம்பி ஒதுக்கினால் மே மாதம் கையைக் கடிக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் நடப்பதுதான் பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை, கீழே 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 490-இல் நின்ற வீட்டுக்கும் 510-க்குப் போன வீட்டுக்கும் பில்லில் நல்ல வித்தியாசம் இருக்கும். ரீடிங் எடுப்பதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொந்த வீடு. சொத்து வரியையும் மாதாமாதம் ஒதுக்க வேண்டுமா?

ஆமாம், அதில் லாபமும் உண்டு. வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ. 5,000. அரையாண்டுக்கு ரூ. 2,400 வரி என்றால் மாதம் 400 ஒதுக்குங்கள். பணம் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற தள்ளுபடி இது.

கல்யாண மொய்யை எதில் சேர்ப்பது?

பில்லில்தான். மொய் திடீர்ச் செலவு மாதிரி வந்து நிற்கும், ஆனால் பாதிக்கு மேல் முன்பே தெரிந்தது. உங்கள் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களா, காதுகுத்து வருமா என்று பார்த்தால் ஓராண்டுக்கு ஒரு தோராயத் தொகை கிடைத்துவிடும். தை, வைகாசி, ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். வாரச் செலவுப் பணத்தில் இருந்து அதைச் செய்யவே முடியாது. மாதம் 500 ஒதுக்கினாலும் பெரிய உதவி.

கணவர் (அல்லது மனைவி) ஒத்துழைக்கவில்லை என்றால்?

எனக்கு வரும் கேள்விகளில் கஷ்டமானது இதுதான். சண்டை பெரும்பாலும் சின்னச் செலவுகளில்தான் தொடங்குகிறது. அவர் டீக்கும் சிகரெட்டுக்கும் எவ்வளவு செலவழித்தார், இவள் எதற்கு இன்னொரு நைட்டி வாங்கினாள் என்று. அதனால் 2,450-இல் இருந்து ஆளுக்கு ஒரு தொகையை, 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், தனித்தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. நண்பர்களோடு பிரியாணி சாப்பிடட்டும், தங்கைக்கு ரகசியமாகக் கொடுக்கட்டும். மீதி 1,850 வீட்டுக்கு.

பில் கணக்கை இரண்டு பேர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் வைத்தால் நல்லது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் வாடகை கட்ட முடியும். ஆனால் வீட்டுப் பணம் குடிக்குப் போகிறது என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் பில் கணக்கு மனைவியின் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூலியில் பில் பங்கை நேராக அந்தக் கணக்கில் போட்டுவிடச் சொல்லிப் பட்டறை முதலாளியிடம் கணவரே ஒருமுறை சம்மதம் சொல்லிவிட்டால் போதும். சில பட்டறைகளில் அப்படிப் போடுகிறார்கள், அந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை எந்தப் பக்கம் சேர்ப்பது?

இரண்டு பக்கமும் வேண்டாம் என்பது என் கருத்து. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்தபோதே உரிமைத் தொகை என்றுதான் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பணம் அது. வாடகைக் கணக்கில் கலந்துவிட்டால் ஓரிரு மாதத்தில் அப்படி ஒன்று வருவதே வீட்டில் மறந்துபோகும். அவர் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடலாம். முடியாத மாதத்தில் அவர் விரும்பினால் வீட்டுக்குக் கொடுக்கட்டும், கேட்டு வாங்கும் பணமாக இருக்கட்டும்.

பட்டறையில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன், மளிகைக் கடையிலும் நோட்டு இருக்கிறது. இவை என்ன கணக்கு?

எல்லாம் பில். அட்வான்ஸுக்கு வாரம் 500 பிடித்தால் உங்கள் கூலி 5,500 இல்லை, 5,000. பிடித்தது போகக் கைக்கு வருவதை வைத்தே கணக்குப் போடுங்கள். கடை நோட்டில் ரூ. 4,000 பாக்கி என்றால் வாரம் 400 வீதம் பத்து வாரத்துக்குப் பில்லில் சேருங்கள். அந்தப் பத்து வாரமும் புதிதாக நோட்டில் எழுதக் கூடாது, இது முக்கியம். தினத் தண்டல் கட்டுகிறவர்கள் ஏழு நாள் தொகையைச் சனிக்கிழமையே எடுத்து ஒரு கவரில் வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டம். பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

உங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். நவம்பர் வாக்கில் பழம் பறிக்க ஆரம்பித்து, மாசி பிறக்கும்போது மொத்தமாகப் பணம் வரும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகு கொஞ்சம் பின்னால் வரும். அப்போது கையில் இருப்பதைப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியும். ஆடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

பறிப்புக் கூலி எல்லாம் போக ரூ. 1,80,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோட்டத்தின் பங்கைத் தள்ளுங்கள். கவாத்து, களை, உரம் எல்லாம் சேர்த்து 60,000. தோட்டத்துக்கு வைத்ததை வீட்டுக்கு எடுத்தால் அடுத்த வருஷம் காய்ப்பில் தெரிந்துவிடும். மீதி 1,20,000. அதாவது மாதம் 10,000.

இதை ஒரே கணக்கில் வைக்காதீர்கள். 30,000-ஐ மட்டும் பில் கணக்கில் விட்டு, மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று தலா 30,000-க்கு மூன்று எஃப்டி (நிரந்தர வைப்பு) போடுங்கள். ஒன்று தீரும்போது அடுத்தது முதிர்ந்து கணக்குக்கு வரும். நடுவில் அவசரம் என்றால் உடைக்கலாம், கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான். மாதப் பில் 6,400 என்றால் கைச்செலவு 3,600, வாரத்துக்கு சுமார் 830. அதை வாராவாரம் தானாகக் கைச்செலவுக் கணக்குக்கு மாற்றும்படி வங்கியில் ஒரு முறை சொல்லிவிடலாம்.

பங்குனி, சித்திரையில் காபி பூக்க வைக்கும் பூ மழை தப்பினால் அடுத்த விளைச்சல் குறையும். வியாபாரி சொல்லும் விலையும் நம் கையில் இல்லை. அதனால் நல்ல வருஷத்தில் கைச்செலவை ஏற்றாதீர்கள். கூடுதலாக வந்ததை இன்னொரு எஃப்டியாகப் போட்டு, மோசமான வருஷத்துக்கு வையுங்கள். மலையில் சிக்னல் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் வாரச் செலவை ரொக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

மே மாதக் கோடை விழாவை நம்பி ஏரிக்கரையில் கடை போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். சீசனில் வருவது பன்னிரண்டு மாதத்துக்கு.

இப்போது கையில் ஒன்றுமே இல்லை. எங்கே இருந்து தொடங்குவது?

அடுத்து வருகிற ஒரே ஒரு பில்லில் இருந்து. அது வாடகை என்றால் இந்த வாரத்தில் இருந்து வாடகைக்கு மட்டும் ஒதுக்குங்கள். 7,500-ஐ நான்கால் வகுத்தால் வாரம் 1,875. அது ஓடப் பழகியதும் தவணையைச் சேருங்கள், அப்புறம் கரண்ட். ஆண்டுச் செலவுகள் கடைசியில் வரட்டும். தீபாவளி போனஸும் அடுத்து வரும் ஐந்தாவது சனிக்கிழமையும் உங்களை ஒரு மாதம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு மாதப் பில் முழுவதும் மாதம் பிறக்கும் முன்பே கணக்கில் இருக்கும் நிலை வர எட்டு, பத்து மாதம் ஆகலாம். பரவாயில்லை.

தினமும் செலவை எழுத வேண்டுமா?

வேண்டாம். கைச்செலவுக் கணக்கின் பேலன்ஸே உங்களுக்குக் கணக்கு சொல்லும். திங்கட்கிழமை 1,700 இருந்தால் சரி, 900 இருந்தால் கையைச் சுருக்க வேண்டும். எழுதும் பழக்கம் பிடித்தவர்கள் எழுதலாம்.

பில் பக்கம் மட்டும் ஒரு தாள் வேண்டும். என்ன பில், எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில் பார்க்கத் தெரியாத மாமியாரும் அதைப் படித்து, "பால் பணம் கொடுத்தாச்சா?" என்று கேட்பார்.

பில் கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே போகிறது. எடுத்து நகைச் சீட்டில் போடலாமா?

முதலில் தாளைப் பாருங்கள். ஏப்ரலில் கணக்கில் 20,000 இருந்தால், அதில் பெரும்பகுதி ஜூனில் பள்ளிக்குப் போக வேண்டியது. அது உபரி இல்லை. தாளில் உள்ள எல்லாவற்றையும் கழித்து, இரண்டு மூன்று வாரக் கூலி அளவுக்கு மெத்தையும் விட்டு, அதற்கு மேல் இருப்பதுதான் உபரி. அதை ஆர்டியில் போடலாம், அதிக வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடைக்கலாம். நகைச் சீட்டோ ஏலச் சீட்டோ போடுவதாக இருந்தால் பதிவு செய்த இடமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழைய கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் வரவு செலவு எதுவும் செய்யாமல் இருந்தால் வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று நிறுத்தி வைத்திருக்கும். ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் கேஒய்சி கொடுத்தால் திறந்துவிடுவார்கள், கட்டணம் கிடையாது. செயல்படாத காலத்துக்கு மினிமம் பேலன்ஸ் அபராதமும் போடக் கூடாது என்பது 2024 ஏப்ரலில் இருந்து ரிசர்வ் வங்கியின் விதி. போகும்போது போன் நம்பரும் பழையதாக இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொண்டு வாருங்கள். நம்பர் சரியாக இல்லாவிட்டால் யூபிஐயில் இணையாது.